ஆகாய லாஞ்சு

புருஷன் வெற்றி கடலில் காணாமல் போய் மூன்று வருடம் ஆகியும் மங்கை கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. திருவொற்றியூரில் அவர்கள் குப்பத்து ஆட்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. உடம்பு கரை ஒதுங்காத ஆளின் வீட்டுக் கதவை வெறுமனே சாத்தி வைப்பதுதான் அங்கே வழக்கம். கூடவே இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் இருந்துகொண்டு யாரையும் ‘உள்ள வா’ என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்ட ஆளுக்குப் பின்னாலேயே கூப்பிடாத ஆளும் வந்துவிடுவான் என்று பயம். அதனால் விருந்தாளிகள் தாங்களாகவே செருப்பை விட்டு, தாங்களாகவே வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

இதெல்லாம் கருமாதி முடிகிற வரைக்கும்தான். அன்றைக்குப் பெண்டாட்டிக்காரி கரையில் நின்று கடலைப் பார்த்துப் புருஷன் பெயரை மூன்று முறை சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராது. வராதென்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் காத்திருப்பார்கள். பிறகு வைக்கோலில் ஓர் ஆளைச் செய்து கொளுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போடுவார்கள்.

மங்கை கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கூப்பிட்டால்தானே பதில் வரவில்லை என்று ஆகும்? கூப்பிடாத வரைக்கும் அவன் எங்கேயோ இருக்கிறான். ஊர் பேசட்டும், ஊருக்கு வேறு வேலை என்ன இருக்கிறது.

வெற்றியின் அண்ணன் சுப்புராயன் மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்து உட்கார்ந்து இதையே அரைப்பார்.

“வர்ற அமாவாசைக்கு முடிச்சிரலாம் மங்கை. எந்தம்பி அங்கயும் போவாம இங்கயும் வராம நடுவுல நிக்கிறான். பாவமா இல்லியா உனுக்கு?”

“செருப்பத்தான மாமா கொணாந்து குட்த்தாங்கோ? ஆளையா கொணாந்தாங்கோ?”

ஆந்திரா பக்கம் மீன்பிடிக்கப் போன லாஞ்சில் இருந்து ஒரு சாயங்காலம் வெற்றியைக் காணவில்லை. பின்பக்கத்தில் அவன் செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது. அவ்வளவுதான் யாருக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் ஜாபர் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்தார். ஜாபர் இப்போது இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுக்கிறவர். இருபத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் காலடிப்பேட்டையில் கேபிள் டிவி நடத்தினவர். வெற்றிக்கு உயிர் சிநேகிதர். பரணை ஒழித்தபோது பழைய வீடியோ கேசட்டுகள் கிடைத்தனவாம். கடையில் கொடுத்து டிவியில் போடுகிற மாதிரி மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“நம்ம ஆகாய லாஞ்சு, மங்கை. அல்லாமே கீது.”

அவளுக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது.

அது எந்த நாட்டுத் தொடரோ, யாருக்கும் தெரியாது. பர்மா பஜாரில் ஜாபர் வாங்கின கேசட். விண்வெளிக் கப்பல், வெள்ளைக்காரர்கள், கண்ணாடிக் கூண்டு மாட்டிய தலைகள். பேசுவது ஒரு எழுத்துகூடப் புரியாது. பார்த்தார் ஜாபர், நாமே பேசிவிடலாம் என்று ஒரு மைக்கை வாங்கிப் போட்டார். கதை இவர்களாகக் கட்டியதுதான். விண்கப்பல் லாஞ்சு ஆனது. கேப்டன் டிரைவர் ஆனார், காசிமேட்டில் படகோட்டுகிறவரை டிரைவர் என்றுதானே சொல்வார்கள். வேற்றுக்கிரகப் பிராணிக்கு நிறைய கை இருந்ததால் கணவாய் மீன் என்று பெயர் வைத்தார்கள். டிரைவருக்குக் குரல் கொடுத்தது இருபத்தொரு வயது வெற்றி. கப்பலே வாயைத் திறந்து பேசும். அதற்குப் பெண் குரல் வேண்டுமென்று, பத்தொன்பது வயது மங்கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கப்பலுக்கும் மங்கை என்றே பெயர் வைத்தான் வெற்றி. எதற்கு வைத்தான் என்று குப்பத்துக்கே புரிந்தது, மங்கைக்குத்தான் கொஞ்ச நாளானது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது ஓடும்போது தெருவில் ஈ காக்கா இருக்காது. எண்ணூரிலிருந்துகூடச் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

எல்லோருக்கும் பிடித்த பாகம் கயிறு அறுகிற பாகம். கப்பலுக்கு வெளியே ரிப்பேர் பார்க்கப் போன டிரைவரின் கயிறு அறுந்துவிடும். இருட்டில் மிதந்துகொண்டே வாக்கி டாக்கியில் கூப்பிடுவான்: “மங்கை, மங்கை, மங்கை. கேக்குதா? ஓவர்.” கடலில் படகை மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலவே. கப்பல் பதில் சொல்லும்: “சொல்லு டிரைவரே, மங்கை கேட்டுகினு கீது. கதவு தொறந்து கீது, உள்ள வா. ஓவர்.”

தினமும் காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு மதியம் வீடு திரும்பி, குளித்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மங்கை அதைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். மற்றப் பாகங்களை ஓட்டிவிட்டுக் கயிறு அறுகிற பாகத்துக்கு வந்துவிடுவாள். அவன் குரல் வீட்டுக்குள் கேட்கிறதே, அது போதாதா? கப்பல் பேசும் இடம் வந்தால் அவளும் கூடவே பேசுவாள். மனப்பாடம் அல்லவா. டிவியில் பத்தொன்பது வயது மங்கை, தரையில் நரைத்த மங்கை, இரண்டு பேரும் ஒரே குரலாகச் சொல்வார்கள்: “கதவு தொறந்து கீது, உள்ள வா.”

அந்த இடத்தில் வாசல் கதவு ஒரு விரற்கடை திறக்கும். கடல் காற்று என்று எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வருவாள்.

முதலில் ஓர் இருமல் வந்தது. டிரைவர் கூப்பிடுவதற்கு முன்னால் லொக்கென்று இருமினான். இந்த இருமல் இதற்கு முன் இல்லையே என்று திருப்பிப் போட்டாள். இருந்தது. நம் காதுதான் ஒழுங்காகக் கேட்கவில்லை போல என்று விட்டுவிட்டாள். அடுத்த சில நாளில் கப்பலின் பதில் காணாமல் போனது. டிரைவர் கூப்பிட்டான், அவள் குரல் வர வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல். தரையில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் பழக்கதோஷத்தில் தனியாகச் சொல்லி முடித்தாள். மணலித் தொழிற்சாலைப் பக்கத்து வாயு நாற்றம் உள்ளே வந்தது. அதோடு ஐஸும் டீசலும் கலந்த வாசனை ஒன்று. வெற்றியின் சட்டையில் அடிக்கிற வாசனை.

மறுநாள் ஜாபருக்குப் போன் செய்தாள். அவர் வந்தார், செருப்பை விட்டார், தானாக உட்கார்ந்தார். மங்கை டீ போட்டுக் கொடுத்துவிட்டு ரிமோட்டை அழுத்தினாள்.

திரையில் வெள்ளை உடுப்புப் போட்ட ஆள் இருட்டில் சுழன்றுகொண்டிருந்தான். இருமல். பிறகு, “மங்கை. மங்கை. மங்கை. கேக்குதா?” அதன் பின் இரைச்சல். இரைச்சலுக்குள் இருந்து மெதுவாக, “குளிருது மே.” வீட்டில் வெற்றி அவளை ‘மே’ என்றுதான் கூப்பிடுவான்.

ஜாபரின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

“டயலாக் எழ்தினது நானு. இந்த டயலாக் இல்ல.”

“டிரைவு கெட்டுப் பூச்சா அண்ணே?”

“டிரைவு கெட்டா படம் நிக்கும், கொரல் நிக்கும். கெழடு ஆவாது.” அவர் டிவி பக்கம் விரலை நீட்டினார். “நல்லா கேளு மங்கை. இது அப்ப பேசுன கொரலா? பீடி குட்ச்சி குட்ச்சி தொண்ட கட்ன கொரல். கடைசியா போவ சொல்லோ ‘போய்ட்டு வர்றேன் ஜாபரு’ன்னு எங்கைல சொல்ட்டு போனானே, அந்தக் கொரலு.”

அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும்தான் தினமும் போட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்கச் சந்தோஷமாகவே இருந்தது, அதுதான் உண்மை.

ஜாபர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “இத்த பாக்க சொல்லோ நீ கூடவே பேசுவியா?”

“ம்.”

“இன்னா சொல்லுவ?”

“கப்பலு சொல்றதுதான்.”

“மங்கை, இன்னா சொல்லுவ?”

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊர் முழுக்க இந்த வீட்டுக்கு வந்தால் வாய்தவறிக்கூட யாரும் சொல்லிவிடக் கூடாதென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த வார்த்தை. அவள் சிரித்துக்கொண்டே தினமும் அதைச் சொல்லியிருக்கிறாள், அவன் ‘மங்கை’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட உடனேயே, கதவையும் தாழ்ப்பாள் போடாமல்.

ஜாபர் டீயைக் குடிக்காமலே எழுந்தார். வாசலில் நின்று கதவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “சுப்புராயன் அண்ணன்கிட்ட பேசு மங்கை,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அவள் மறுபடியும் போட்டாள். போடாமல் இருக்க முடியவில்லை.

“மங்கை. மங்கை. மங்கை.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் அந்த ஆள் முதுகைக் காட்டியபடி மிதந்தான். குரல் டிவியில் இருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“நீ கூப்டுற. நான் வர்றேன். வாசலாண்ட வந்து நிக்கிறேன். கதவ தள்றதுக்குக் கைல பெலன் இல்ல. செரி போலாம்னு திரும்புனா, மறுபடி நீ கூப்டுற. ரொம்பக் குளிருது மே.”

கதவு ஒரு விரற்கடை திறந்தது. மங்கை பார்த்தாள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் காலண்டர் தொங்கியது. அதன் தாள் ஒன்றுகூட ஆடவில்லை. காற்று என்று நினைத்துத் தினமும் அவள் எழுந்துபோய் அவன் முகத்திலேயே கதவைச் சாத்தியிருக்கிறாள்.

ஒரே ஒரு தடவை, இந்த முறை தெரிந்தே சொன்னால் என்ன? வரட்டுமே. எப்படி வந்தால்தான் என்ன, ஐஸாக வந்தாலும் அவள் புருஷன்தானே. அவள் ஒன்றைத்தான் முதலில் கேட்க வேண்டியிருந்தது.

“யோவ். நீ உசுரோட கீறியா?”

இரைச்சல். டிரைவர் சுழன்றுகொண்டே இருந்தான். வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் திரும்பவும் கேட்டாள், கெஞ்சிக் கேட்டாள். மற்ற எல்லாவற்றுக்கும் பேசிய குரல் இதற்கு மட்டும் பேசவில்லை. மூன்று வருடமாக அவள் கேட்க மறுத்த பதில் காதில் விழுந்துவிட்டது. தரையில் படுத்து வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்து, கதவுப் பக்கம் பார்க்காமல் சொன்னாள்:

“அமாவாச வரிக்கும் பொறுத்துக்கய்யா. நான் இனிமே கூப்ட மாட்டேன்.”

அன்றிலிருந்து டிவி பக்கமே அவள் போகவில்லை.

அமாவாசை காலையில் கல் கொட்டிய கரையில் ஊர் கூடியது. சுப்புராயன் வைக்கோல் ஆளுக்குத் தம்பியின் சட்டையைப் போட்டுவிட்டு, தோளைத் தட்டிச் சரிசெய்தார். ஜாபர் கொஞ்சம் தள்ளி நின்றார். மங்கை பாறை மேல் ஏறினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. மைக்கில் டிரைவரே, வீட்டில் யோவ்.

“வெற்றி,” என்றாள். குரல் எழும்பவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினாள். “வெற்றீ! வெற்றீ!”

அலை வந்து கல்லில் மோதிவிட்டுப் போனது. எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் அவள் சாதாரணமாக, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுவது போலச் சொன்னாள்.

“கதவ சாத்தப்போறேன். நீ போய்க்க. ஓவர்.”

யாரும் சிரிக்கவில்லை. ஜாபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுப்புராயன் தீக்குச்சியைக் கிழித்தார்.

மதியம் சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அவள் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள். மூன்று வருட உப்புக்காற்றில் துருவேறி அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, ஊறட்டும் என்று காத்திருக்கும்போது கை தானாக ரிமோட்டுக்குப் போனது. அவன் போய்ச் சேர்ந்தானா என்று தெரிய வேண்டாமா?

திரையில் டிரைவர் சுழன்றான். கண்ணாடிக்குள் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. இருமல் இல்லை, இளங்குரலும் இல்லை. ஒரு பாகம் விடாமல் ஓட்டிப் பார்த்தாள். வெற்றி எதிலும் இல்லை. கப்பலின் குரல் மட்டும் திரும்பி வந்திருந்தது.

“சொல்லு டிரைவரே, மங்கை கேட்டுகினு கீது. கதவு தொறந்து கீது, உள்ள வா.” கிளுக்கென்று ஒரு சிரிப்பு. மைக்குக்கு அந்தப் பக்கம் வெற்றி ஏதோ கோமாளித்தனம் செய்திருப்பான்.

மங்கை எழுந்துபோய்த் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தள்ளினாள். கிறீச்சிட்டு உள்ளே போனது. பின்னால் டிவியில் பத்தொன்பது வயதுப் பெண் இன்னும் சந்தோஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யார் போய்ச் சொல்வது என்று தெரியாமல் இவள் எண்ணெய்க் கையோடு கதவருகே நின்றிருந்தாள்.