மூன்றாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை

மலர்கொடி வெங்காயத்தின் தாளை அறுத்துக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மே மாசம் வந்தா ஓட்டுக் கேக்குறவங்களாட்டம் வந்துர்றீங்க சார். உக்காருங்க."

செபஸ்டின் சாக்கின் மேல் உட்கார்ந்தான். குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். லீவில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை சேர்ப்பது அங்கே எல்லா ஆசிரியருக்கும் வழக்கம்தான். இந்த வருடம் பள்ளி நொடித்திருந்தது. வேன்களை விற்றாயிற்று. பிரிவுகளை ஒன்றாக்குகிறார்கள். கணக்குக்கு ஓர் ஆள் போதும். அவனா, சத்யா டீச்சரா என்பது யார் அதிகம் பிள்ளை சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று தாளாளர் சொல்லிவிட்டார். அரையாண்டுப் பரீட்சை வரை ஓடினாலே பெரிது என்று ஆபீஸ் கிருஷ்ணமூர்த்தி காதோடு சொன்னார்.

சம்பளத்தை அவன் நினைக்கவில்லை. மனைவி இறந்ததிலிருந்து, மகள் சகாய பிரியா ஒவ்வொரு இடைவேளையிலும் அவன் வகுப்புச் சன்னலுக்கு வருவாள். அவன் இருக்கிறானா என்று பார்ப்பாள். ஒன்றும் பேசாமல் போய்விடுவாள். அவன் இல்லாத சன்னலில் அந்த முகம் எப்படி ஆகும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

மகள் ரெண்டாவது வரை படித்த கவர்மெண்டு பள்ளி டீச்சர் தங்கமானவங்க என்றாள் மலர்கொடி. துபாயில் இருக்கும் புருசன்தான் இங்கிலீஷ் இங்கிலீஷ் என்று உயிரை வாங்குகிறாராம். கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். உங்க பள்ளிக்கூடம் வருசம் பூரா நடக்குமா? ஊருல என்னென்னமோ பேசிக்கிறாங்க."

அவன் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"உங்க புள்ளையே அங்கதான படிக்குது. நடக்காத எடத்துல வச்சிருப்பீங்களா?"

அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"அப்ப டீச்சருகிட்ட டி.சி. கேட்டுர்றேன். அங்க எடத்துக்குக் காத்துக் கெடக்குறாங்க, வேற புள்ளைக்குக் குடுக்கட்டும்."

கையை முந்தானையில் துடைத்து, போனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு வெங்காயக் குவியல் மேல் வைத்தாள். ஏதோ சாமி பாட்டு ஒலித்தது. சொல்லிவிடலாம். டீச்சர் எடுப்பதற்குள் சொல்லிவிடலாம்.

பாட்டைக் கேட்டதும் உள்ளேயிருந்து மலர்கொடியின் மகள் ஓடிவந்தாள். அது யாருடைய போனில் வரும் பாட்டு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குவியலருகே குந்தி, போனை ஒட்டிக் குனிந்து, வணக்கம் சொல்ல வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டாள்.