பேய்க்குக் குரல் கொடுத்தவள்

1

2011இல் கடலூர்த் தியேட்டர் ஒன்றில் என் அம்மா சொன்ன இரண்டு சொற்களால்தான் இதை எழுதுகிறேன். அன்று திரையில் கேட்ட பேயின் குரல் என்னுடையது. இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; ஒளித்துவைத்துக் கடைசியில் நீட்டுவது எனக்குப் பிடிக்காது.

(‘அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடல் அமைதியாக—’ என்று தொடங்கியிருந்தேன். அடித்துவிட்டேன். கடலை வர்ணிக்க வெளியூரிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.)

2

தம்பி ஆகாஷ் சுனாமியில் போனான். ஆறு வயது. உடல் கிடைக்கவில்லை.

நான் சிதம்பரத்தில் எம்.ஏ. படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கூடப் படித்த தில்லைநாதன் ஒரு பேய்ப்படம் எடுத்தான். செத்துப்போன பிள்ளை தினமும் வாசலில் வந்து கூப்பிடும். தாய் பயந்து கதவுக்கு ஆணி அடிப்பாள். நடித்த சிறுவன் பாடம் ஒப்பிப்பதுபோலப் பேசினான்.

“ஜோதி, உன் கொரலு பொடிசா இருக்கு. நீ கூப்புடேன்.”

“பேய்க்குக் கொரல் குடுக்கக் கடக்கரப் பொண்ணுதான் கெடச்சாளா?”

“நீ சும்மா பேசுனாலே பயமாத்தான இருக்கு.”

மைக் முன்னால் எனக்குத் தெரிந்த ஒரே பிள்ளைக் குரல் வந்தது. மத்தியான மணலில் ஓடிவந்து, கதவை உதைத்துக்கொண்டே ஆகாஷ் கூப்பிடுவான்: “எம்மோவ், தொற. காலு சுடுது.”

ஒரே டேக். தில்லைநாதன் கைதட்டினான். நான் வெளியே போய்விட்டேன்.

3

அம்மா பெயர் சின்னப்பிள்ளை. மீன் கூடை சுமப்பவள். இந்தப் பாத்திரம்தான் எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கதைகளில் அழுதுகொண்டே இருப்பாள். இவள் ஏழு வருடமாக அழவில்லை. அவன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கல்நெஞ்சக்காரி என்று டைரியில் எழுதியிருக்கிறேன். [இந்த வரியை நீக்கலாம். நீக்கவில்லை.]

படம் கடலூருக்கு வந்தபோது அம்மாவை அழைத்துப்போனேன். டைட்டிலில் என் பெயர் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

திரையில் மூடிய கதவு. வெளியே என் குரல். திரையிலிருந்த தாய் ஆணியைத் தேடினாள். என் அம்மா எழுந்து நின்றாள்.

“ந்தா வந்துட்டேன்.”

சத்தமாகக்கூட இல்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வருகிறவளின் குரல்.

விசிலடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயிலிருந்து விரலை எடுத்தார்கள். ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை. பேய் என்று தெரிந்தும் கதவைத் திறக்கப் போன ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படித்தவள் நான்தான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

4

“அவன் கொரலுதான்டி,” என்றாள் பஸ்ஸில்.

“அது சினிமாம்மா.”

“இருக்கட்டுமே. கூப்புட்டானில்ல.” கொஞ்சம் கழித்து, “வெள்ளிக்கெழமையிலேருந்து சேத்தியாத்தோப்புல ஓடுதாம். போலாமா?”

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். அவன் இரண்டாம் முறை சாகிறான்.

முடிவு ஆ: சொல்லவில்லை. படம் ஊர் ஊராகப் போகிறது, பின்னாலேயே அம்மாவும். எனக்குக் கோபம் இல்லை.*

* பொய். நான் கூப்பிட்டு அவள் அப்படி எழுந்ததே இல்லை.

5

வெள்ளிக்கிழமை மதியம். அம்மாவை அழைத்துப்போக வந்திருக்கிறேன். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. மீன் அலசும் சத்தம் கேட்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டேன், சிமெண்டு வாசல் கொதிக்கிறது.

இப்போது கூப்பிட வேண்டும். இருப்பது ஒரு குரல்தான். அதில் யார் கூப்பிடுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

சீக்கிரம். கால் சுடுகிறது.