கறுப்பியின் இடது பின் சக்கரம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தா ரயில்வேயில் கிளார்க். அவர் மகன் நில அலுவலகம். என் அப்பா கதிரேசு மலாக்காவில் பள்ளி ஆசிரியர். நான்கு தலைமுறையாகக் கையெழுத்துப் போட்டே சோறு தின்ற கூட்டம். நான் வதனா, பந்தயக் கார் எஞ்சினியர். நான் போட்ட ஒரு கையெழுத்தில் நல்லமுத்து என்ற மனிதரின் பெயர் நாறிப்போனது.

மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற இடத்தில், டத்தோ பட்டம் வாங்கிய பாலகிருஷ்ணனுக்கு ஒரு தொழிற்சாலை. கார்பன் நாரில் கார் பாகங்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். 2018இல் அவருக்கு ஓர் ஆசை வந்தது. மற்றவன் காருக்குக் குழாய் செய்தது போதும், நாமே ஒரு முழுக் கார் செய்து காட்டுவோம் என்றார். அதுவும் கடையில் விற்கிற கார் இல்லை. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று ஓயாமல் ஓடும் பந்தயத்துக்கென்றே செய்யப்படுகிற புரோட்டோடைப். உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும். அதன் அளவுகளையும் ஓட்டங்களையும் கவனிக்க என்னை வேலைக்கு எடுத்தார்.

நல்லமுத்து அண்ணனை யாரும் எடுக்கவில்லை. அவர் ரெம்பியா என்ற ஊரில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லாரிகளுக்கு ரிப்பேர் பார்ப்பவர். தொழிற்சாலையின் பாரம் தூக்கும் வண்டி கெட்டுப்போய் வந்தவர், மேசையில் விரித்திருந்த எங்கள் வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"இந்த நட்டக் கழட்ட கை எப்படி உள்ள போவும்? வரைஞ்சவனுக்குக் கையே கெடையாதா?"

வரைந்தவன் வெளிநாட்டில் படித்தவன். அவன் முகம் சிவந்தது. டத்தோ சிரித்துவிட்டு அண்ணனை அங்கேயே வைத்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் அவர்தான் தலைமை மெக்கானிக்.

எடை கூடும் என்று காருக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. கார்பனின் கறுப்பு அப்படியே பளபளக்கும். காகிதத்தில் அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர். எங்களுக்கு அது கறுப்பி.

கறுப்பியின் சாதனைப் பட்டியலை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 2019, ஆறு மணி நேரப் பந்தயம். நாற்பத்தோராவது சுற்றில் கியர்பாக்ஸ் உடைந்து நின்றது. பிறகு கொரோனா, இரண்டு வருடம் துணி போர்த்திக் கிடந்தது. 2022, ஒன்பது மணி நேரம். எங்கள் பிரிவில் கடைசி. ஆனால் முடிவுக் கோட்டைத் தொட்டது. அண்ணன் டயர் அடுக்குக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். 2023இல் நான்காம் இடம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் என்ன மாற்றினோம், என்ன உடைந்தது என்று ஒரு தடித்த புத்தகத்தில் எழுதுவோம். வண்டிப் புத்தகம் என்போம். அண்ணன் தமிழில் எழுதுவார், நான் கீழே கையெழுத்துப் போடுவேன். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் கறுப்பி வெளியே போகக் கூடாது. சட்டம் போட்டவள் நான்தான்.

2024 பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்துக்கு முதல் நாள், லாரியில் ஏற்றும் முன், டத்தோ பூசை வைத்தார். குருக்கள் சூடம் காட்டி முடித்தார். டத்தோ பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். நம் ஆட்களுக்கு இது இல்லாமல் ஆகாது. மைவி கார் வாங்கினாலும் லாரி வாங்கினாலும் நான்கு சக்கரத்துக்கும் அடியில் பழம் வைத்து ஏற்றி நசுக்கினால்தான் மனசு ஆறும்.

அண்ணன் குறுக்கே வந்தார். "டத்தோ, இதுக்கு வேணாம் லா. வயித்துக்கும் தரைக்கும் ரெண்டு வெரல்தான் எடம். பிரேக்குக்குக் காத்துப் போற குழாய் வாயி அங்கதான் இருக்கு. தோலு தெறிச்சு உள்ள போச்சுன்னா அடைச்சுக்கும். திருநீறு பூசிட்டு அனுப்புவோம்."

"அம்மன் பேரச் சொல்லி வெக்கிறோம். அது என்னய்யா கெடுதல் பண்ணும்? வை."

அண்ணன் வைத்தார். கறுப்பி ஏறி நசுக்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். குருக்கள் தட்சணை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அதற்குப் பிறகு அண்ணன் செய்ததை நானும் அவரும் மட்டும்தான் பார்த்தோம். காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்து, சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒரு பழைய செய்தித்தாளில் வைத்து நான்கு பழத்தையும் திரும்ப ஒட்டவைத்தார். ஆமாம், தோலோடு தோல் பொருந்துகிறதா என்று பார்த்தார். மூன்றாவது பழத்தில் நகத்தளவு குறைந்தது. அரை மணி நேரம் தேடி டயர் வரிக்குள்ளிருந்து எடுத்தார். பிறகு டார்ச்சை என்னிடம் கொடுத்து ஒவ்வொரு குழாய்க்குள்ளும் அடிக்கச் சொன்னார். சுத்தம். வண்டிப் புத்தகத்தில் எழுதினார்: 'எலுமிச்ச நாலு. துண்டு எல்லாம் எடுத்தாச்சி. கொழாய் நாலும் சுத்தம். காலை 9.20.' நான் கையெழுத்துப் போட்டேன். இடது பின் குழாயின் வாயில் புத்தகத்தைப் பிடித்து, என் டார்ச் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்தார். உள்ளே ஒரு தூசி இல்லாதது தெரிந்தது, எழுத்தும் தெரிந்தது, என் கையும் தெரிந்தது.

"ஒங்களுக்கு அனுப்பிட்டேன் மிஸ். ரெக்கார்டுல வெச்சுக்குங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. கறுப்பியை அப்படி ஒரு நாள் நான் பார்த்ததில்லை. பத்தாவது மணியில் எங்கள் பிரிவில் முதல் இடம், அடுத்த காருக்கு மூன்று சுற்று முன்னால். என் திரையில் நான்கு பிரேக்கின் வெப்பமும் நான்கு கோடாக ஓடிக்கொண்டிருந்தன. பத்து மணி நேரம் நான்கும் ஒட்டிப் பிறந்ததைப் போல ஒன்றாகவே போயின. பதினொன்றாவது மணியில் இடது பின் கோடு மட்டும் செங்குத்தாக ஏறியது. ஓட்டுநரை உள்ளே வரச் சொல்லிக் கத்தினேன். அவன் பதில் சொல்வதற்குள் பிரேக் போய், கார் சரளைக் கல்லில் புதைந்தது. நல்லவேளை, அவனுக்கு ஒரு கீறலும் இல்லை.

இழுத்து வந்த காரில் அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். காற்றுக்குழாய் ஒட்டிய இடத்தில் நீளமாகப் பிளந்திருந்தது, வெடித்த பலாப்பழம் மாதிரி. காற்று வழியிலேயே வெளியேறியிருக்கிறது, பிரேக்குக்குப் போகவில்லை.

"ஒட்டு விட்டுருச்சு மிஸ்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒட்டு ஏன் விட்டது என்பதும் எனக்குத் தெரியும். ஒட்டு இறுக அந்தக் குழாய் சூட்டு அடுப்பில் எட்டு மணி நேரம் இருக்க வேண்டும். அதைச் செய்த வாரம் ஏற்றுமதிச் சரக்கு அவசரம் என்று எல்லாக் குழாயையும் நான்கு மணி நேரத்தில் வெளியே எடுத்தார்கள். எடுக்கச் சொன்னவர் டத்தோ.

திங்கட்கிழமை தன் அறைக்குக் கூப்பிட்டார். குழாய் வாங்குகிற வெளிநாட்டு ஆட்கள் அறிக்கை கேட்டிருந்தார்கள்.

"ஒட்டு விட்டுச்சுன்னு எழுதினா அனுப்பின சரக்கு பூரா திரும்பி வந்துரும்மா. இருநூறு பேரு இங்க வேல பாக்குறான். எலுமிச்சம்பழம்னு எழுது. தோலு போயி அடைச்சுருச்சு, சூட்டுல குழாய் வெடிச்சுருச்சு. யாரு தேடப் போறா?"

"வெக்கச் சொன்னது நீங்க டத்தோ."

"வெச்சது அவன். க்ளீன் பண்ண வேண்டியதும் அவன்." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ரெண்டாவது கார் செய்யப் போறோம். தலைமை எஞ்சினியர் யாருன்னு இன்னும் முடிவு பண்ணல."

நான் எழுதினேன். உண்மையிலேயே பழத்தோல் அடைத்திருந்தால் முதல் சுற்றிலேயே கோடு ஏறியிருக்கும். அதனால் முதல் பத்து மணி நேரக் கோடுகளை அறிக்கையில் சேர்க்கவில்லை. வண்டிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். 'தலைமை மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று முடித்து, கீழே என் அழகான கையெழுத்தைப் போட்டேன். பயந்துபோய்ச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பயம் எல்லாம் இல்லை. எனக்கு இரண்டாவது கார் வேண்டியிருந்தது.

விசாரணைக்கு எல்லாரையும் உட்காரவைத்தார் டத்தோ. அண்ணன் கலவரப்படவே இல்லை. "மிஸ்ஸக் கேளுங்க டத்தோ. டார்ச் புடிச்சதே அவங்கதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டார், கையை எடுத்துவிட்டார். எழுந்து போய்த் தன் ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். அவர் மோட்டார் சைக்கிள் கேட்டைத் தாண்டியதும் கழிப்பறைக்குப் போய் என் போனிலிருந்த அந்தப் போட்டோவை அழித்தேன்.

கதை பந்தயத் திடல் முழுக்கப் பரவியது. கோடிக்கணக்கில் செலவழித்த கார் ஒரு எலுமிச்சம்பழத்தால் நின்றது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வேறு இரண்டு அணிகளில் அண்ணன் வேலை கேட்டுப் போனாராம். ஒரு இடத்தில் அவர் பெட்டிமேல் பழம் ஒன்றை வைத்துப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டார்கள். அவருக்கு லிமாவ் என்று பெயர் வைத்தார்கள். மலாயில் எலுமிச்சை. அந்தப் படம் எனக்கும் வந்தது. சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

இந்த வருடம் இரண்டாவது கார் சோதனை ஓட்டத்துக்கு இறங்கியது. தலைமை எஞ்சினியர் நான்தான். பூசை இல்லை, பழம் இல்லை. மூன்றாவது மணியில் அதே இடது பின் குழாய், அதே ஒட்டில் பிளந்தது. குழாய் வாங்குகிற ஆட்கள் நேரிலேயே வந்து நின்றார்கள். டத்தோ என் அறிக்கையை எடுத்து நீட்டினார். "எஞ்சினியர் எழுதிக் குடுத்தாங்க, நான் நம்பிட்டேன்," என்றார் வருத்தமான குரலில். அன்று மாலையே என் நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. பத்து மணி நேரக் கோடுகள் உள்ளே இருந்தன, நான் வெளியே இருந்தேன்.

அப்போதுதான் எனக்கு நல்லமுத்து அண்ணனின் ஞாபகம் வந்தது. ஒன்றரை வருடத்தில் தானாக ஒரு தடவைகூட வராத ஞாபகம், அட்டை சிவப்பு விளக்குக் காட்டியதும் வந்துவிட்டது. அந்தப் போட்டோ அவர் போனில் இருக்கும். அதை வைத்து, குழாய் சுத்தமாக இருந்தது, டத்தோ சொல்லித்தான் பொய் எழுதினேன் என்று காட்டிவிடலாம். அவர் பெயரும் மீளும், இல்லையா? காரில் போகும்போது அந்தக் கடைசி வரியைத்தான் எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

ரெம்பியா முச்சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வழி கேட்டேன்.

"எந்த நல்லமுத்து? லிமாவ் நல்லமுத்தா?" என்றார் கடைக்காரர். பெயர் ஊர்வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அண்ணன் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். என் செருப்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க மிஸ். வருவீங்கன்னு தெரியும்."

நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன், எந்த வார்த்தையில் என்று ஞாபகம் இல்லை. இது உண்மையாகவே ஞாபகம் இல்லை. அந்தப் போட்டோ வேண்டும் அண்ணே, என்றேன்.

"எங்கிட்ட ஏது? அந்தப் போன் அடுத்த மாசமே லாரி டயருல மாட்டித் தூள் தூளாப் போச்சு." கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். "ஆனா நான் கவலையே படல மிஸ். அதான் ஒங்களுக்கு அன்னைக்கே அனுப்பிட்டேனே. நீங்க ஒரு சின்னச் சீட்டக்கூட தூக்கிப் போடாத ஆளு. அன்னைக்கு டத்தோ முன்னாடி பயந்துட்டீங்க, எனக்குப் புரிஞ்சுச்சு. நான் போட்டோவக் காட்டியிருந்தா ஒங்க வேல போயிருக்கும்ல? என்னைக்காச்சும் எடுத்துட்டு வருவாங்கன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருந்தேன். அவதான் நம்பல."

வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "மலர்க்கொடி! மிஸ் வந்துட்டாங்க. கண்ணாடிய எடுத்துட்டு வா, அந்தப் போட்டோவப் பாக்கலாம்."

அந்த அம்மா முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அண்ணன். இருவரும் என் போனைக் குனிந்து பார்த்தார்கள். நான் அதைத் திறந்து, தேடுகிறவளைப் போல மேலே மேலே தள்ளிக்கொண்டே இருந்தேன்.