முதலில் தெரிந்த தேதி

...மூன்று மணிக்குள் அனுப்பினால் போதும், இப்போது பதினொன்றுதான், நேரம் தாராளமாக இருக்கிறது, இந்த விஷயத்தில் தன்னை யாரும் மடக்க முடியாது என்று கோரினுக்குத் தெரியும், காடுமேடெல்லாம் ஓடும் வண்டிகளைச் செய்யும் இந்தக் கம்பெனியில் இருபத்து மூன்று வருஷமாகப் பாதுகாப்புப் பிரிவு அவள் கையில், வண்டியில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்துவிட்டால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வாஷிங்டனிலுள்ள அரசு அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும், சட்டம் அவ்வளவுதான், இதில் என்ன குழப்பம்? காலையில் டேல் வந்து கதவில் சாய்ந்துகொண்டு, "இன்னும் ரெண்டு வாரம் சோதிச்சுப் பாத்துட்டு அனுப்பலாமே கோரின், அப்படி என்ன தலை போற அவசரம்?" என்றான், பெரிய துணைத் தலைவர், போன வருஷம் வரை அடுப்பு விற்றுக்கொண்டிருந்தவன், "தலை போகல டேல், ஒரு கொழந்தைக்குக் கால் வெந்திருக்கு," என்றதும் ஆள் போன இடம் தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மொன்டானாவிலிருந்து நேற்று மூன்று மணிக்கு வந்த கடிதம் மேஜைமேல் கிடக்கிறது, வலதுபக்க இருக்கை, சைலன்சர் சூட்டில் பக்கத்துப் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடித்திருக்கிறது, ஒன்பது வயதுப் பெண், கெண்டைக்கால், அந்தத் தகப்பன் ஒரு வசவுகூட எழுதவில்லை, அதுதான் நெஞ்சை அறுக்கிறது... சரி, படிவம். உங்களுக்கு இது முதலில் எப்போது தெரிந்தது? நேற்று, கையோடு தேதியைத் தட்டச்சு செய்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பனியில் ஆட்களின் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, எல்லாம் கம்பெனி தள்ளுபடியில் வாங்கியவை, இந்த மினசோட்டாக்காரர்களுக்குப் புகார் சொல்வதென்றால் கூச்சம், எது கெட்டாலும் கராஜைத் திறந்து தானே சரி செய்துகொண்டு மூச்சு விடாமல் இருப்பார்கள், அவளுக்கு அதில் பெருமைதான்... அந்த முதல் வண்டியில் வலதுபக்கம் என்ன பளபளக்கிறது? சூடு தாங்க ஒட்டும் வெள்ளி நிற டேப். அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும் அதே இடத்தில்...

ஆர்வோ. வண்டிப் பாகங்களைப் பூட்டும் வரிசையில் வேலை பார்க்கும் அவள் புருஷன், மே மாதம், கராஜில் தங்கள் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "லேசா உருகியிருக்கு, ஒண்ணுமில்ல, டேப் ஒட்டினா சரியாப் போயிடும்," என்றானே, அவளும் சரியென்றாளே, மொன்டானாப் பெண் வெந்தது அக்டோபரில், நடுவில் ஐந்து மாதம்... இல்லை, அது வீட்டு விஷயம், கம்பெனிக்கு எப்படித் தெரிந்ததாகும்? கம்பெனி என்றால் யார்? இந்தப் பிரிவுக்குத் தெரிந்தால் கம்பெனிக்குத் தெரிந்த மாதிரி என்று டேலுக்கு வகுப்பெடுத்தவள் யார்? போனை எடுத்தாள்.

"மே மாசம் டேப் ஒட்டினியே, அது எந்தத் தேதி?"

"அன்னையர் தினம்தான், உங்கம்மா வீட்டுக்கு லேட்டாப் போயித் திட்டு வாங்கினோமே," ஆர்வோ சிரித்தான். "ஏன் கேக்கற? நீதானே டார்ச் புடிச்ச?"

நேற்றைய தேதியை அழித்தாள். கட்டம் காலியாக இருந்தது, மணி பதினொன்று பத்து.