லெவினா ஜாக்கின் மேல் விழாத மழை

2006ஆம் ஆண்டு அக்டோபர் 19, வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்கு வெப்பநிலை ஒன்பது பாகை. தென்கிழக்குக் காற்று மிதமாக வீசியது. முந்தைய நாள் மாலை தொடங்கிய மழை இடைவிடாமல் பெய்துகொண்டிருந்தது. அம்மழை, வழக்கம்போல, லெவினா ஜாக்கின் மேல் விழவில்லை.

வான்கூவர் தீவின் மேற்குக் கரையில், எங்கள் ஹார்க்கர் விரிகுடாவில், மழை அவ்வாறு விழாமலிருந்த பதினோராம் ஆண்டு அது. 1995இல் மர நிறுவனம் வடக்குப் பள்ளத்தாக்கை ஒரு மரம் மீதமின்றி வெட்டி முடித்த நாளில், லெவினா படகுத்துறையில் நின்று, அடிமரங்களைப் பிணைத்த பதினான்கு தெப்பங்கள் கடந்து செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அந்நிமிடம் முதல் மழைத்துளிகள் அவளுடைய தலைக்கு ஒரு சாண் மேலே வந்தவுடன் ஆவியாகிவிட்டன. மருத்துவர் அவளுடைய இரத்த அழுத்தத்தைச் சோதித்து, குறையொன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவளுடைய மக்களாகிய நூ-சா-நுல்த் குடியினர் வலைகளை உலர்த்துவதற்கு அவளுடைய வீட்டு முற்றத்தைக் கேட்டுப் பெற்றனர். காட்டு நடைப்பயணங்கள் நடத்திவந்த கோர்ட் பெல்லமி ஓராண்டுக்குள் அவளை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டார். அவளுடைய கோபம் எட்டடி ஆரம் உடையது. அதனுள் ஏழு பேர் நெருக்கமின்றி நடக்கலாம். ஆகவே குழுவின் அளவு ஏழு என்று நிர்ணயிக்கப்பட்டது. 'நனையாமல் ஒரு மழைக்காடு' என்று கோர்ட் விளம்பரத் தாள் அச்சிட்டார். லெவினா அதனைப் படித்தபோது ஆரம் ஒன்பது அடியாயிற்று.

நடைப்பயணம் தென்சரிவின் பெரிய கேதுரு மரத்தில் முடிவடையும். அம்மரத்தின் ஒரு பக்கத்தில் நீண்ட வடு ஒன்று உண்டு. எங்கள் கரையில் கேதுருவின் பட்டையை உரிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மரத்திடம் சொல்ல வேண்டும். பிறகு முழங்கால் உயரத்தில் மட்டமாக வெட்டி, இரண்டு உள்ளங்கை அகலத்திற்குப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். பட்டை மேலே செல்லச் செல்லக் குறுகி, கூர்முனையாகி, தானே கழன்று விழும். "க்ளேகோ" என்று மரத்திற்கு நன்றி கூறிவிட்டு, அதற்கு மேல் ஒரு விரலகலமும் எடுக்காமல் திரும்ப வேண்டும். மரம் சாவதில்லை. தென்சரிவு மரத்தில் அவ்வாறு உரித்தவள் லெவினாவின் குலத்தைச் சேர்ந்தவள்; அவளுடைய பெயர் எஞ்சவில்லை, வடு எஞ்சியது. ஆயினும் லெவினா பதினோரு ஆண்டுகளாக அம்மரத்தைத் தொட்டதில்லை. முப்பதடி தள்ளி நின்று கைத்தடியால் சுட்டிக்காட்டுவாள். "நான் கிட்டப் போனா அதுக்கு மழை கிடைக்காது" என்பாள்.

அன்றைய குழுவில் சாஸ்கடூனிலிருந்து வந்த டோரீன் என்னும் ஓய்வுபெற்ற தபால்காரியும், தம்மைப் பள்ளி ஆசிரியர் என்று பதிவு செய்திருந்த க்ளென் ஹாஸ்கட்டும், வேறு ஐவரும் இருந்தனர். க்ளென் அம்மாதத்தில் மூன்றாம் முறையாக வந்திருந்தார். நடந்துகொண்டே குறிப்பேட்டில் எழுதுவது அவருடைய பழக்கம். கேதுருவின் எதிரே அனைவரும் அமர்ந்து மீன் சாண்ட்விச் உண்ணும்போது, அவருடைய பையிலிருந்து இளஞ்சிவப்பு நாடாச் சுருள் ஒன்று விழுந்து உருண்டது.

"என்னங்க, யாருக்காவது பிறந்தநாளா?" என்று டோரீன் கேட்டாள்.

லெவினா சிரிக்கவில்லை. வெட்டப்போகும் நிலத்தின் எல்லையில் கட்டப்படும் அந்த நாடாவை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை.

"வாத்தியாருக்கு நாடாவுல என்ன வேலை?"

"சரி, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது" என்றார் க்ளென். "நான் கம்பெனி அளவையாளன். டிசம்பர் ஒண்ணாந்தேதி இந்தச் சரிவுல வெட்டு ஆரம்பம். மழையில நோட்டு ஊறிப்போகுது, பென்சில் பிடிக்க மாட்டேங்குது. உங்க பக்கத்துல நடந்தா எழுத வசதியா இருந்துச்சு. டிக்கெட் வாங்கித்தானே வந்தேன்?"

"என் கோபத்துல உட்கார்ந்து என் மரத்தைக் கணக்கெடுத்திருக்க."

"அப்படிப் பார்த்தா அப்படித்தான், மேடம்."

"இந்த மரமும் உண்டா?"

"அதுல இடி விழுந்த வடு இருக்கு. உள்ள அழுகியிருக்கும். பலகைக்கு ஆகாது, காகிதக் கூழுக்குப் போகும்."

"அடியில மட்டமா வெட்டியிருக்கே. இடி கோடாலி எடுத்துக்கிட்டா வந்துச்சு?"

"எழுதிக் கொடுத்தாச்சு, மேடம். இனி மாத்த முடியாது."

ஆரம் இருபதடியாயிற்று, பின்னர் நாற்பது, பின்னர் ஒருவரும் அளக்கவில்லை. ஓடையின் சலசலப்பு மெலிந்தது. மரக்கிளைகளில் தாடிபோல் தொங்கிய பாசி வெளிறி, அப்பளம்போல் நொறுங்கி உதிர்ந்தது. நத்தைகள் திரும்பி, தம்மால் இயன்ற வேகத்தில், வெளியேறத் தொடங்கின. கேதுருவின் வடுவோரத்தில் பட்டை மெல்ல வெடிக்கும் ஒலி கேட்டது. எழுநூறு ஆண்டுகள் ஈரத்தில் நின்ற மரம் அது.

டோரீன்தான் சொன்னாள். "லெவினா, நீ கோபப்படு, நான் வேணாங்கல. ஆனா உன் மரம் காயுது பாரு."

லெவினா பார்த்தாள். கோபத்தைத் தணித்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை; அதனை இடம் மாற்றத் தோன்றியது. வழிகாட்டி தன் குழுவைக் காட்டில் விட்டுச் செல்லலாகாது என்பது விதி. ஆகவே எழுவரையும் அழைத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். வெளியே சென்றால் குறிப்பேடு நனைந்துவிடும் என்பதால் க்ளென்னும் அவளை விட்டு விலகாமல் வந்தார். பிற்பகல் இரண்டரை மணிக்கு அவள் நிறுவனத்தின் மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னாலிருந்த ஏரிக்கரையில், பொதுச்சாலையோர இருக்கையில் அமர்ந்தாள். வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு ரம்பத்திற்குத் தள்ளும் ஆலைக் குளத்திற்கு அவ்வேரியே நீரளித்தது, அவ்வேரிக்கு மழை.

நாற்பத்திரண்டு நாள் அவள் அங்கேயே இருந்தாள். ஊரெங்கும் பெய்த மழை ஏரியைச் சுற்றி அரை மைல் தொலைவுக்குப் பெய்யவில்லை. அவளுடைய மக்கள் முறைவைத்து வந்து, புகையிட்ட மீன் கொடுத்து, சீட்டாடி, கொடிகட்டித் துணி உலர்த்திச் சென்றனர். டோரீன் விமானச் சீட்டை இருமுறை மாற்றி, நாள்தோறும் சூப் கொண்டுவந்தாள். அவளை அகற்றுவதற்காக வந்த காவலர் தம் காலணிகளைக் காயவைத்துக்கொண்டு திரும்பினார். நிறுவனம் அனுப்பிய மனநல ஆலோசகர் மூச்சை மெதுவாக இழுத்துவிடும்படி அவளிடம் கூறினார். அவள் அவ்வாறே செய்தாள். ஏரி மேலும் நான்கு விரற்கடை இறங்கியது. முப்பதாம் நாள் குளத்து மரங்கள் சேற்றில் எருமைகளைப்போல் கிடந்தன. ரம்பங்கள் நின்றன. மேலாளர் நேரில் வந்தார்.

"நீங்க ஆளுங்களைக் கூட்டிட்டுப் போற காட்டுப் பாதைக்கு உங்க பேரையே வெச்சிடறோம், லெவினா."

"மரத்தை வெட்டிட்டுப் பாதை எதுக்கு? வெயில் காயவா?"

"வேற என்னதான் வேணும் உங்களுக்கு?"

"வடுவைப் பார்க்கத் தெரிஞ்ச ஒரு ஆளை அனுப்புங்க. இடின்னு எழுதினதை அந்த ஆள் படிக்கட்டும்."

1846ஆம் ஆண்டுக்கு முன் மனிதக் கையால் வடுப்பட்ட மரத்தை வெட்டலாகாது என்பது மாகாணச் சட்டம். தொல்லியல் ஆய்வாளர் ஒருவர் வந்து, மட்டமான அடிவெட்டைத் தடவிப் பார்த்து, வடுவின் ஓரத்தில் மெல்லிய துளையிட்டு வளையங்களை எண்ணினார். பட்டை உரிக்கப்பட்ட ஆண்டு 1822. அச்சரிவில் அத்தகைய மரங்கள் மேலும் அறுபத்தொன்று நின்றன. அவை அனைத்தையும் க்ளென் இடியின் கணக்கில் எழுதியிருந்தார். நவம்பர் 30ஆம் நாள் காலை, வெட்டு அனுமதி இரத்தான கடிதம் வந்தது.

இனி அவள் மேல் மழை விழும் என்று எதிர்பார்த்து ஊரே கூடி நின்றது. விழவில்லை. அவள் எழுந்து காட்டை நோக்கி நடந்தாள், நாங்கள் பின்தொடர்ந்தோம். கேதுருவுக்கு முப்பதடி முன்னால், பழக்கத்தால், நின்றாள். "போம்மா, இன்னும் என்ன?" என்றாள் டோரீன். லெவினா மீதித் தொலைவைக் கடந்து, இடக்கையை வடுவின்மேல் வைத்து, "க்ளேகோ" என்றாள். அவளுடைய இடத்தோளின்மேல் மழை விழுந்தது. சட்டைக்கை நனைந்து முழங்கையிலிருந்து நீர் சொட்டிற்று. வலத்தோள் உலர்ந்தே இருந்தது. கோர்ட் அதனைச் சுட்டிக்காட்டி, ஏதேனும் கோளாறா என்று கேட்டார்.

"வடக்குப் பள்ளத்தாக்குக்கு யாரும் கடுதாசி அனுப்பலையே" என்றாள் அவள்.

அதன்பின் குழுவின் அளவு நான்காகக் குறைக்கப்பட்டது. நனைய விரும்பாதோர் வலப்பக்கம் நடக்கின்றனர். விளம்பரத் தாளும் அவ்வாறே திருத்தப்பட்டுள்ளது. முதல் துளி அவளுடைய இடத்தோளில் விழுந்தபோது நேரம் பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம்.