மைனஸ் எந்தப் பக்கம்?

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த இருவருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. சிறப்புச் சார்பியலில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையிலான தொலைவைக் கணக்கிடும்போது, இடத்துக்கு ஒரு குறியும் காலத்துக்கு அதன் எதிர்க்குறியும் போட வேண்டும். அவள் மைனஸைக் காலத்துக்குப் போடுவாள். கணவன் இடத்துக்குப் போடுவான். ஒரே கணக்கில் கலக்காதவரை இரண்டும் சரிதான். ஆனால் விட்டுக்கொடுக்கிற ஜென்மங்களா இரண்டும்?

இன்று அவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. இடமும் காலமும் ஒன்றாய்ப் பின்னிய காலவெளியை ஈர்ப்பு எப்படி வளைக்கிறது என்பதுதான் அவளது ஆய்வு. ஈர்ப்பை அணைத்துவிட்டால் வளைவு மறைந்து, பொதுச் சார்பியல் பழைய தட்டையான காலவெளிக்கே திரும்ப வேண்டும். கிடைத்த விடையிலிருந்து அந்தத் தட்டையைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். அவளுக்கு என்னவோ மிச்சம் நின்றது.

"மத்தியானத்துக்குள்ள பூஜ்யம் வரலைன்னா, இந்த ஆய்வை விட்டுடலாம்மா" என்று பேராசிரியை சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் மாரடித்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளியா?

சமையலறை மேசையில், மடியில் குழந்தையோடு, அந்த மிச்சத்தையே முறைத்துப் பார்த்தாள். கன்னாபின்னாவென்று இல்லை அது. அதே தட்டைக் காலவெளி, கச்சிதமாக இரண்டு மடங்கு. கழிய வேண்டியது கூடியிருக்கிறது!

"ஏம்ப்பா, நான் பிரசவத்துக்குப் படுத்திருந்தப்ப என் ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயத்தை நீதானே டைப் பண்ணினே?" என்று தொட்டியடியில் நின்ற கணவனைக் கேட்டாள்.

"ஆமா. உன் கோழிக்கிறுக்கலை வச்சு நானே எல்லாத்தையும் போட்டுப் பார்த்து எழுதினேன். ஏன்?"

"மைனஸ் எந்தப் பக்கம் போட்டே?"

"இதென்ன கேள்வி, நம்ம வழக்கப்படி..." கழுவிக்கொண்டிருந்த பால்புட்டியைக் கீழே வைத்தான். "ஐயோ. என் வழக்கப்படி."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே, ஆஸ்பத்திரி நாற்காலியில் மடிக்கணினியோடு குறுகி உட்கார்ந்து, அவள் கண் அசரும்போதெல்லாம் தட்டிக்கொண்டிருந்த அவன் முகமும் வந்தது. திட்ட வாய் வரவில்லை.

"குழந்தையைப் பிடி" என்றாள்.

அத்தியாயம் முழுக்கக் குறிகளை மாற்றினாள். அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான். ஈர்ப்பை அணைத்தாள். தட்டையைக் கழித்தாள்.

பூஜ்யம்.

பூஜ்யம் வாங்கிவிட்டு யாராவது சந்தோஷத்தில் அழுவார்களா? அவள் அழுதாள்.

"இனிமே நானும் காலத்துக்கே போட்டுடறேன்" என்றான் குற்றவாளி.

"ஒண்ணும் வேணாம். அப்புறம் நான் யார்கூடச் சண்டை போடறதாம்?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேராசிரியைக்குப் போன் போட்டாள்.