ஜெயம்மாள் வீட்டு நம்பர்

மாகறலில் வடிவாம்பாளின் வீட்டில் செல்போன் சிக்னல் எடுக்காது. இது ஊருக்கே தெரியும், ஏனென்றால் ஊரே கூடி அதைச் சோதித்துப் பார்த்திருந்தது. அவளோடு வேலை செய்யும் ஜெயம்மாளின் மகன் அருள் காஞ்சிபுரத்திலிருந்து வாங்கிவந்து கொடுத்த பழைய போனை வடிவாம்பாள் அடுப்பங்கரையில் வைத்துப் பார்த்தாள், வாசலில் வைத்துப் பார்த்தாள், துணிப்பையில் போட்டு முருங்கைக் கிளையில் தொங்கவிட்டும் பார்த்தாள். ஏரிக்கரையில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும். பேச வாயைத் திறப்பதற்குள் அதுவும் போய்விடும். கோபுரத்து மேலே ஏறி நின்றால் சாமியே எடுத்துப் பேசும் என்று எதிர்வீட்டுப் பழனி கேலி செய்தான்.

போன் இல்லாவிட்டால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. வடிவாம்பாள் பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று நெய்து தீர்ந்ததும், அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான பட்டிழைகள். பிடி வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். வடிவாம்பாள் அந்தச் சாம்பலில் மாகறல் கோயில் விபூதியையும் ஒரு சிட்டிகை கலந்துகொள்வாள். பிணைத்து முடியும்வரை தறி சும்மா நிற்கும்.

முன்பெல்லாம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்புவார்கள், அவள் மறுநாள் போவாள். வீட்டுக்கு வீடு செல்போன் வந்தபிறகு அந்தப் பொறுமை போய்விட்டது. ஆனாலும் பழைய வழக்கம் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு தறியை யார் கை பிணைக்கிறதோ, அந்தக் கையே தொடர்ந்து பிணைக்க வேண்டும். அவளாக முடியவில்லை என்று சொல்கிறவரை வேறு ஆளைக் கூப்பிட மாட்டார்கள்.

பாவு பிணைக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு ஓரங்களிலிருந்தும் தொடங்கி நடுவில் வந்து சேருவார்கள். வடிவாம்பாளுக்கு மறு ஓரத்தில் உட்காருகிறவள் ஜெயம்மாள். புருஷன் செத்து, கைக்குழந்தையோடு அவள் நின்றபோது வடிவாம்பாள்தான் வேலைக்குக் கூட்டிப்போனாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போய்வந்தார்கள். எவர் கொண்டுவந்த சோறானாலும் பாதிப்பாதி.

ஏரிக்கரை ஓரத்திலிருந்த ஜெயம்மாள் வீட்டில் அவளுடைய போன் நன்றாக எடுத்தது. அதனால் அவளே ஒருநாள் வழி சொன்னாள்.

"உன் தெருவுல எந்தப் போனும் எடுக்காது வடிவு. கண்டதையும் வாங்கிக்கினு ஏன் அலையுற? என் நம்பரையே எல்லாருக்கும் குடுத்துடு. கூப்பிட்டா ஓடியாந்து சொல்றேன்."

வடிவாம்பாளுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. அந்த எண்ணை மந்திரம்போல் உருப்போட்டு, ஒவ்வொரு தறி வீடாகப் போய்ச் சொன்னாள். அருள் கொடுத்த போனை மாடத்தில் பிள்ளையார் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

ஆரம்பத்தில் ஜெயம்மாள் சொன்னபடியே ஓடிவந்தாள். பிறகு அழைப்புகள் குறைந்தன. பட்டு விலை ஏறிவிட்டதாம், பாதித் தறிகள் நிற்கின்றனவாம். ஜெயம்மாள் மட்டும் அடிக்கடி காஞ்சிபுரம் போய்வந்தாள். அருளுக்குப் பெண் பார்ப்பதாகச் சொன்னாள். வடிவாம்பாள் திங்கட்கிழமைதோறும் அம்மன் சன்னதியில் அவன் கல்யாணத்துக்காக ஒரு விளக்கு கூடுதலாக ஏற்றினாள். வேர்க்கடலை ஆய்கிற கூலிக்குப் போய்க்கொண்டு, ஒரே ஓர் அழைப்புக்காகக் காத்திருந்தாள்.

அது பிள்ளையார்பாளையத்து நெசவாளர் நமச்சிவாயம் வீட்டு அழைப்பு. அவர் மனைவி ரேவதி பொங்கலின்போதே சொல்லியிருந்தாள். மூத்த மகளுக்கு ஆவணியில் கல்யாணம், முகூர்த்தப் புடவையைத் தங்கள் தறியிலேயே நெய்யப்போகிறோம், அந்தப் பாவை வடிவாக்கா கைதான் பிணைக்க வேண்டும் என்று. அந்தப் பெண்ணைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து வடிவாம்பாளுக்குத் தெரியும். ஆனி பிறந்தும் அழைப்பு வரவில்லை. பெரிய இடத்தில் சம்பந்தம் அமைந்ததும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இருந்தாலும் வலித்தது.

அந்த வாரத் திங்கட்கிழமை அவள் கோயிலுக்குப் போனபோது அம்மன் சன்னதியில் ரேவதி நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு. தட்டில் தேங்காய், பழம், ஒரு ஜோடி வெள்ளிக் கண்மலர். கண் நோய் தீர வேண்டுகிறவர்கள் அம்மனுக்குச் சாத்துகிற கண்மலர். யாருக்கு என்ன வந்ததோ என்று வடிவாம்பாள் பதறி அருகே போனாள். குருக்கள் அர்ச்சனைக்கு ரேவதியிடம் பெயர் கேட்டார்.

"வடிவாம்பாள்னு சொல்லுங்க சாமி. நட்சத்திரம் தெரியாது. இந்த ஊருதான்."

குருக்கள் தலையைத் தூக்கி, ரேவதிக்குப் பின்னால் பார்த்தார். ரேவதியும் திரும்பினாள். சட்டென்று தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து வடிவாம்பாளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்துக்கா, இங்க படி இருக்குது. தனியாவா வந்தீங்க?" என்று மெதுவாக, குழந்தையை நடத்துவதுபோல் அவளைக் கீழே இறக்கினாள்.

ஒன்றும் புரியாமல் வடிவாம்பாளும் இறங்கினாள். பிறகுதான் கேட்டாள். "எனக்கு என்னம்மா கண்ணுக்கு? உன் மூக்குத்திக் கல்லு ஒண்ணு உழுந்திருக்குது, அதுகூடத் தெரியுது."

ரேவதி மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். கூப்பிட்டபோதெல்லாம் ஜெயம்மாள்தான் எடுத்தாளாம். வடிவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது, இழை தெரியவில்லை, வீட்டில் அழுதுகொண்டு கிடக்கிறாள் என்றாளாம்.

"உங்களைப் பாக்க வரேன்னு சொன்னேன்க்கா. வராதீங்க, யாராவது கேட்டா மனசு ஒடஞ்சிபூடும்னு சொன்னாங்க. எங்க தெருவுல எல்லாருக்குமே அப்படித்தான் சொல்லியிருக்காங்க. அதான் யாரும் வந்து கேக்கல. நானும் உங்களுக்குத் தெரியாம வேண்டிக்கினு போயிடலாம்னுதான் வந்தேன்."

வடிவாம்பாள் கொடிமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தெரு முழுக்க அவள்மேல் இரக்கப்பட்டிருக்கிறது. அந்த இரக்கத்தைக் கொண்டே அவள் வீட்டு வழியை அடைத்திருக்கிறாள் ஜெயம்மாள்.

தண்ணீர் வேண்டுமென்று ரேவதி கேட்டதால் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ரேவதி தண்ணீர்ச் சொம்பை வாயருகே கொண்டுபோனபோது அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. நமச்சிவாயம். கல்யாணப் பாவு சாயப் பட்டறையிலிருந்து வந்துவிட்டதாம், ஜெயம்மாளும் வேறு ஒருத்தியும் நாளைக் காலை பிணைக்க வருகிறார்களாம். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அடுப்பங்கரைவரை கேட்டது.

"இங்க எடுக்குதா?" என்றாள் வடிவாம்பாள்.

"நல்லா எடுக்குதேக்கா. இது வேற கம்பெனி சிம்மு. ஜெயம்மாக்காவும் இதுதானே வச்சிருக்காங்க?"

மாடத்திலிருந்த போன் பிள்ளையாரோடு சேர்ந்து பேசாமல் இருந்தது. அருளுக்கு விவரம் தெரியாமலிருக்கலாம், சின்னப் பையன், மலிவாகக் கிடைத்த சிம்மைப் போட்டிருப்பான் என்று எண்ணிக்கொள்ள முயன்றாள். ஜெயம்மாளுக்கு அப்படி ஒரு சமாதானம் தேடினாள். கிடைக்கவில்லை.

மறுநாள் காலை இரண்டாம் பஸ்ஸில் போனாள். நமச்சிவாயம் வீட்டுத் தறிக்கூடத்தில் ஜெயம்மாள் முன்னமே வந்து, ஜன்னல் வெளிச்சம் விழுகிற ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அது வடிவாம்பாளின் இடம். மறு ஓரத்துக்கு வரவேண்டியவள் இன்னும் வந்து சேரவில்லை. அரக்குச் சிவப்புப் பாவு நடுவே விரிந்து கிடந்தது. வடிவாம்பாளைக் கண்டதும் ஜெயம்மாளின் சாம்பல் பூசிய விரல்கள் இழையைப் பிடித்தபடியே நின்றன.

வடிவாம்பாள் இருண்ட ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். சுருக்குப் பையிலிருந்து விபூதியை எடுத்துச் சாம்பலில் கலந்தாள். முதல் இழையை முறுக்கினாள். கல்யாணப் பெண் என்ன பாவம் செய்தாள், பட்டு என்ன பாவம் செய்தது?

தாமதமாக வந்த மற்றவளை ரேவதி வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். பிறகு ஜெயம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "எந்த வீட்டுக்குப் போனாலும் வடிவு வந்தாளா, வடிவு கை ராசின்னுதான் கேக்கறாங்க. எதிர்ல உக்காந்து நானும் பாதி பிணைக்கறேன். எம்பேரு ஒருத்தருக்கும் தெரியல. நாலு வீடாவது எனக்குன்னு இருக்கட்டும்னு பாத்தேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே ஜெயா."

"அதான். நீ குடுத்து நான் வாங்கணும்."

வடிவாம்பாள் அடுத்த இழையை முறுக்கினாள். கொடுத்ததெல்லாம் அன்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வாங்கிக்கொண்ட கைக்கு அது எப்படி இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காதது தன் பிழையாகவே இருக்கட்டும். ஆனால் அதற்குத் தண்டனையாக உயிரோடிருக்கும் ஒருத்தியின் கண்ணைப் பிடுங்குவார்களா?

ஜெயம்மாளின் இடுப்பில் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது.

"எடுத்துப் பேசு," என்றாள் வடிவாம்பாள். "வடிவு எப்படி இருக்கான்னு கேப்பாங்க. சொல்லு."

ஜெயம்மாள் எடுத்தாள். வேறொரு தறி வீடு. அவர்கள் ஏதோ கேட்டார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "நல்லா இருக்குது. கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது. இதோ எதிர்லதான் உக்காந்துக்கினு இருக்குது," என்றாள். பிறகு சட்டென்று போனை அணைத்துவிட்டாள். வடிவாம்பாள் தலை நிமிரவில்லை. இரண்டு பக்கத்து இழைகளும் நடுவில் வந்து சேர்ந்தபோது ஓர் இழைகூடக் குறையவில்லை, ஒன்றும் மிஞ்சவில்லை.

வேலை முடிந்ததும் ரேவதி அவளைக் காசிநாதன் செல்போன் கடைக்குக் கூட்டிப்போய், தன்னுடையதைப்போலவே ஒரு சிம் வாங்கி, அவள் கையோடு கொண்டுவந்திருந்த பழைய போனில் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குப் போனதும் யாரையாவது கூப்பிட்டுப் பாருங்கள் என்றார் காசிநாதன். திரும்பும் பஸ்ஸில் ஜெயம்மாள் பின்சீட்டில் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். வடிவாம்பாள் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டுப் போனைக் கையில் எடுத்தாள். கோடுகள் முழுசாக நின்றன. யாரையாவது கூப்பிட வேண்டும். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஓர் எண்தான். விரல் அதன் முதல் இலக்கத்தின்மேல் போய் நின்றது, பிறகு விலகியது.

அப்போது போன் அடித்தது. ரேவதி. "எடுக்குதான்னு பாத்தேன்க்கா. கேக்குதா?"

"கேக்குதும்மா. பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்குது."

ரேவதி சிரித்தாள். பிறகு தயங்கிச் சொன்னாள். "தெருவுல எல்லாருக்கும் உங்க நம்பரக் குடுத்துட்டேன். ஜெயம்மாக்காவுக்கும் குடுத்துடட்டுமா? அழுதுக்கினேதான் போனாங்க. பாவு வந்தா ரெண்டு பேரு வேணுமில்ல?"

வடிவாம்பாள் திரும்பிப் பார்த்தாள். மாடத்தில் விளக்குச் சுடர் அசையாமல் எரிந்தது. அம்மன் முன்னால் அருளுக்காக ஏற்றிய விளக்குகள் நினைவுக்கு வந்தன.

"அக்கா? லைன் போயிடுச்சா? அக்கா, சிக்னல் இல்லியா?"

"இருக்குதும்மா," என்றாள் வடிவாம்பாள் சற்றுப் பொறுத்து. "எல்லாம் நல்லாத்தான் கேக்குது. திங்கக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து சொல்றேன்."